ஏழாம் சுருளும் எட்டாம் சுருளும்

என் முதல் நாடகத்தின் நான்காம் காட்சியில், அரசிக்கு இன்னும் முடிசூட்டு விழாவே நடவாத நிலையில், பார்வையாளர் பலர் எழுந்து போய்விட்டனர். பள்ளி ஆண்டு விழாவுக்குத் தொட்டியத்திலிருந்தும் முசிறியிலிருந்தும் வந்த பெற்றோர் அவர்கள். கடைசிப் பேருந்து காரணம் என்று நான் என்னைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்ததை நானே கண்டேன்.

திருச்சியில், கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் அப்போது நான் தமிழாசிரியை. ஐம்பதுகளின் இறுதி. மறுநாள் காலை தலைமைக் கன்னியர் என்னை அழைத்தார். அவரை நாங்கள் எல்லாரும் மதர் என்போம்.

"தமிழ் ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். ஆனா ஜனங்க உக்கார மாட்டேங்கறாங்களே. அடுத்த வருஷம் கோலாட்டம் போதும்."

"இன்னும் ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன், மதர்."

"சரி. முழு ஒத்திகையை நான் வந்து பார்ப்பேன். எனக்கே எழுந்து போகணும்னு தோணிச்சுன்னா, கோலாட்டந்தான்."

தொடர்களைச் செப்பம் செய்ய எனக்குத் தெரியும். கதையைக் கட்டத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின. ஒப்புக்கொண்டபின், எங்கள் பள்ளியின் கணித ஆசிரியையிடம் போனேன். என் வயதுக்காரி, ஜீயபுரத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வருபவள்.

"எங்க ஊர் டூரிங் கொட்டகையில ஒரு ராஜா படம் ஓடுது" என்றாள். "மூணாவது வாரம். ஒருத்தரும் எழுந்து போகலே. ஏன் போகலேன்னு பாத்துட்டு வருவோமா, தமிழம்மா?"

அந்தச் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு, அவள் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொண்டு, முதல் ஆட்டத்துக்குப் போனோம். கொட்டகையில் படம் காட்டும் இயந்திரம் ஒன்றுதான். ஒரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த சுருளை மாட்டுவார்கள். பிறர் முறுக்கு வாங்கிய அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு எழுதும் நேரமாயிற்று. அவள் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கோடிட்டு வைத்திருந்தாள்: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், நமக்கு இப்போது என்ன தெரியாது. மூன்றாவது பத்தி அவளுடைய கண்டுபிடிப்பு. எந்த இலக்கண நூலிலும் நான் அதைக் கற்றதில்லை.

ஏழாம் சுருளில், பகைவரை மறைவாகச் சந்தித்ததாகத் தளபதிமேல் குற்றம் சாட்டப்படுகிறது. அவன் வாய் திறவாமல் நிற்கிறான். மரண தண்டனை விதிக்கப்படுகிறது. விளக்கு எரிந்தது. என் அருகில் மணலில் அமர்ந்திருந்த பெண்மணி, "பாவி, பேசித் தொலையேன்டா!" என்று வெறுந்திரையைப் பார்த்துக் கத்தினாள். எட்டாம் சுருளில்தான் உண்மை விளங்கியது: கடத்தப்பட்ட அரசிளங்குமரனை மீட்கவே அவன் போனான், குழந்தை வீடு சேரும்வரை பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

"முன்னாடி நடந்ததைப் பின்னாடி வச்சிருக்காங்க" என்று என் தோழி கிசுகிசுத்தாள். "உங்க நாடகத்துல ராணி பொறந்ததுலேருந்து ஆரம்பிச்சீங்களே!"

அன்றே என் நாடகத்தின் முதுகெலும்பு கிடைத்துவிட்டதாக நம்பினேன். புதிய அரசி, முதற்காட்சியிலேயே, பகைவருக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட குற்றத்துக்காக அவைமுன் நின்றாள். வெள்ளத்துக்குத் தப்பிவந்த பகைநாட்டுக் குழந்தைகளுக்காகவே திறந்தாள், அவர்கள் பத்திரமாய்ச் சேரும்வரை பேசாதிருந்தாள் என்பதை அடுத்த காட்சிக்குத் தள்ளினேன். "தேர்ந்தவர்கள் செய்த வரிசை இது" என்று மதரிடமும் சொல்லிவைத்தேன்.

ஒத்திகைக்குப் பத்து நாள் இருக்கையில் அதே படம் திருச்சி நகருக்குள் ஒரு திரையரங்கில் பகற்காட்சியாக வந்தது. மீண்டும் போனோம். தளபதி முதலில் பகைவரைச் சந்தித்தான், வாக்குக் கொடுத்தான், அதன் பின்னரே அவையில் நின்றான். தோழி என் முழங்கையைப் பற்றினாள்.

மறுநாள் ஜீயபுரத்தில், டீக்கடை வாசலில் நின்ற, கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டரிடம் கேட்டோம்.

"ஆமாங்க, அன்னிக்கு ஏழும் எட்டும் மாறிடுச்சு. பெட்டியில அடுக்கியிருந்த லட்சணம் அப்படி."

"யாரும் கேக்கலையா?"

"பாட்டு ரீலு மாறியிருந்தா கொட்டகையைக் கொளுத்தியிருப்பாங்க. இது ரெண்டும் வசனந்தானே டீச்சர்!"

தோழி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "வசனம் எழுதறவங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டாரு!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மாத்திடலாமா? இன்னும் நாள் இருக்கு."

மாற்றுவதற்குமுன் அறிந்துகொள்ள விரும்பினேன். விடுதி மாணவியரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு மாலை நேர் வரிசையிலும், மற்றதற்கு மறுமாலை ஆபரேட்டரின் வரிசையிலும் நாடகத்தை நடித்துக் காட்டச் செய்தோம். நேர் வரிசையைப் பார்த்த குழு ஒழுங்காக அமர்ந்திருந்தது, இரண்டு கொட்டாவிகள். தவறிய வரிசையைப் பார்த்த குழு முதற்காட்சியிலேயே, "ஏன் டீச்சர் அவங்க பேச மாட்டேங்கறாங்க?" என்று என்னைக் குடைந்தது. ஆனால் இரண்டாம் காட்சியில் ஒரு சிறுமி எழுந்து, "இது அப்ப நடந்ததா, இப்ப நடக்குதா?" என்றாள். பலர் தலையசைத்தனர்.

அவள் கேட்டது சரி. பெட்டியிலிருந்து கைக்கு வந்த சுருளை மாட்டுவதற்கு ஆபரேட்டருக்குக் காரணம் தேவையில்லை. எனக்குத் தேவை. பழைய நிகழ்ச்சி பின்னே வர வேண்டுமாயின், அதை அவையில் யாரேனும் சொல்ல வேண்டும். சொல்ல அஞ்சியவர் ஒருவர் அச்சத்தை வென்று சொல்ல வேண்டும். குழந்தைகளைப் படகில் ஏற்றிவந்த பணிப்பெண்ணை அன்றிரவு எழுதினேன். "நான் சொல்கிறேன்" என்பதற்குமுன் அவளுக்கு நான் எழுதியிருந்த நான்கு வரி அணிகளையும் விடியுமுன் அடித்தேன். அவள் அந்த இரண்டே சொற்களோடு அவைக்குள் வரட்டும் என்று தீர்மானித்தேன்.

மதரிடம் போய், நான் சொன்ன வரிசை தேர்ந்தவர்களுடையதன்று, கொட்டகைப் பிழை என்று கூறினேன்.

"அப்போ அதையா போடப் போறீங்க?"

"அதைத்தான், மதர்."

"ஒத்திகையில பாப்போம்."

முழு ஒத்திகை மாலையில் நடந்தது. மதர் முன்வரிசையில், பிற கன்னியர் பின்னே. அரசி வாய் திறவாமல் நின்றாள், தண்டனை கூறப்பட்டது. படகுக்காரப் பணிப்பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நான் சொல்கிறேன்" என்றாள். அந்த நேரத்தில் மாதா கோயில் மணி அடித்தது.

மாலை மணி கேட்டால் அந்த வளாகத்தில் எல்லாரும் எழுந்து நின்று செபிப்பது வழக்கம். செபம் முடிந்ததும் மதர் எந்த வேலையையும் விட்டுவிட்டு மடத்துக்குப் போய்விடுவார். அவர் எழுந்தார். செபித்தார். சிலுவை வரைந்துகொண்டார். பின்வரிசைக் கன்னியர் வாயிலை நோக்கி நடக்கத் தொடங்கினர். திரைக்கயிற்றைப் பிடித்திருந்த தோழியின் கை அசையவில்லை.

மதர் தம் அங்கியைச் சரிசெய்துகொண்டு மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்.

"நிக்கறீங்களே, உக்காருங்க சிஸ்டர்" என்று பின்னால் திரும்பிச் சொன்னார். பிறகு மேடையைப் பார்த்து, "அந்தப் பொண்ணு என்னமோ சொல்ல வந்தாளே, அங்கேருந்து ஆரம்பிங்க" என்றார்.