புகார்ப் பெட்டியும் என் படம் போட்ட பத்திரிகையும்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். நல்ல தண்ணீரே கிடைக்காத ஊரில் ஐஸ் கம்பெனி போடுகிறானாம் என்று தேவிபட்டினம் கடைத்தெருவில் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் இன்று என்னிடம்தான் ஐஸ் எடுக்கிறார்கள். மூன்று விசைப்படகு விட்டேன். உப்புக்காற்றில் நிற்காது என்ற இடத்தில் மாடி வீடு நிற்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் நான் எடுத்தது. பெண் பிள்ளைகளின் கழிப்பறை நான் கட்டியது. கடைசியாக ஒரு புகார்ப் பெட்டியும் செய்து கொடுத்தேன். இருந்ததிலேயே சின்ன வேலை அதுதான், ஆனால் சுவரும் மாடியும் செய்யாததை அது செய்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். வீட்டிலோ வழியிலோ வகுப்பிலோ தொந்தரவு என்றால் பிள்ளைகள் எழுதிப் போட ஒரு பெட்டி வேண்டும் என்று புதிதாக வந்த தலைமை ஆசிரியை கேட்டார். படகு கட்டும் ஆசாரியை வைத்து, படகு மரத்திலேயே செய்து, நீலப் பெயின்ட் அடித்து, வாசலில் மாட்டினேன். இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒன்று என்னிடம். ‘உபயம்’ என்று என் பெயர் பெரிதாக, அதற்குக் கீழே ‘புகார்ப் பெட்டி’ என்று கொஞ்சம் சிறிதாக.

மூன்று மாதத்தில் விழுந்தவை: மிட்டாய்த்தாள், ஒரு பட்டன், ‘சாம்பாரில் உப்பு இல்லை’ என்று ஒரு சீட்டு.

“அய்யா, எதுத்தாப்புல டீக்கடை. எந்தப் பிள்ள சீட்டுப் போடுதுன்னு ஊரே பாக்குது” என்றார் டீச்சர். “அதோட உங்க பேரு. ஒங்களுக்குத்தான் லெட்டர் எழுதணும்னு நெனைக்குதுக.”

“பேரு போட்டாத்தான டீச்சர் மரியாத?”

“மரியாதைக்கு ஒரு கொறையும் இல்ல. சீட்டுதான் இல்ல.”

மறுநாளே பெட்டி கழிப்பறைப் பக்கம் போய்விட்டது. முன்பக்கம் புதுப் பெயின்ட், என் பெயரைக் காணோம். கழிப்பறையாவது நான் கட்டியதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் திறந்தபோது நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ‘ஆவணி மாசம் எனக்குக் கல்யாணம் வைக்கிறாங்க. நான் ஒன்பதாவது படிக்கிறேன். எனக்கு வேண்டாம். வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாங்க.’ கீழே பெயர். என் படகு ஓட்டும் டிரைவரின் மகள்.

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. எங்கள் கரையில் எந்தப் பிரச்சினையும் பெரிய மனுஷர் ஒருவரின் ஃபோனில்தான் தீரும். அந்தப் பெரிய மனுஷர் நான்.

“இருங்க டீச்சர். அவன இங்கன வரச் சொல்லி நாலு சத்தம் போட்டா முடிஞ்சிச்சு.”

ஃபோன் காதுக்குப் போவதற்குள் அதைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். ஐஸ் கம்பெனி முதலாளியின் ஃபோனை!

“நீங்க சத்தம் போடுவீங்க. அவரு தலையாட்டிட்டுப் போவாரு. நாளைக்கு அந்தப் பிள்ள ஸ்கூலுக்கு வராது. எந்த ஊருல கொண்டு போயி வச்சிருக்காங்கன்னு நீங்களா தேடுவீங்க? புகார் போக வேண்டிய எடம் வேற.”

குழந்தைகள் உதவி மையத்துக்கு அவரே பேசினார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அதே டிரைவர் வெற்றிலை பாக்கோடு வந்து, “மக கல்யாணம், மொதலாளிதான் தலைம” என்றான். எந்த மகள் என்றுகூட நான் கேட்கவில்லை. என் பெயர் இல்லாமல் எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை அச்சாகாது. பிரஸ்காரர் வாட்ஸப்பில் மாதிரி அனுப்பியிருந்தார். என் படத்துக்கு முடி கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சரி சொல்லியிருந்தேன்.

“ஃபோனக் குடுங்க டீச்சர். பேச இல்ல, காட்ட.”

பெரிதாக்கிப் பார்த்தோம். பெண்ணின் பெயர், நாள், மண்டபம், நடுவில் சிரித்தபடி நான். அவர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதுதான் சுட்டது.

அன்று மதியமே அதிகாரிகள் இருவர் வந்தார்கள். ஜீப் ஊருக்குள் நுழைந்தால் டீக்கடை அதற்கு முன்னால் சேதி சொல்லிவிடும் என்று என் ஐஸ் வண்டியை அனுப்பினேன். மீன் வாடையோடு இறங்கினார்கள். முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார்கள், பிறகுதான் பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். பத்திரிகையைக் காட்டியதும் டிரைவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பதினெட்டு முடியும்வரை கல்யாணப் பேச்சு இல்லை என்று எழுதிக் கொடுத்தான். “நடந்திருந்தா தலைமை தாங்குன ஒங்க மேலயும் கேஸ்தான்யா” என்றார் ஓர் அதிகாரி என்னிடம். தலையை ஆட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை கரையில் என் முன்னால் வந்து நின்றான் டிரைவர். கண் சிவந்திருந்தது.

“யாரு மொதலாளி போட்டுக் குடுத்தது? எம் மகளா? அவதான்னா…”

“ஏலே, நாந்தான்ல” என்றேன். “பத்திரிகையப் பாத்தேன். வயச எண்ணுனேன். நாந்தான் சொன்னேன். என்னலே செய்வ?”

உடனே நம்பிவிட்டான். ஊரில் எது நடந்தாலும் நான்தான் என்று முப்பது வருடமாகச் சொல்லி வருகிறவன், நம்பாமல் என்ன? படகுச் சாவியை மணலில் எறிந்துவிட்டுப் போனான். நல்ல டிரைவர், இன்றுவரை அவனைப்போல் ஆள் அமையவில்லை. அவன் சாதிசனம் ஒரு வருடம் என்னைக் கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடவில்லை. பிள்ளை மட்டும் மறுநாள் பள்ளிக்கு வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள்.

இப்போது பரமக்குடியில் கல்லூரியில் படிக்கிறாள். சீட்டுப் போட்டது தான்தான் என்று அப்பனிடம் அவளே சொல்லிவிட்டாளாம். “இனிமே நீங்க எழுதலாம் தாத்தா” என்று அனுமதியும் தந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பள்ளி ஆண்டுவிழா மலரில் டீச்சர் இதைப் பற்றி ஊர் பேர் இல்லாமல் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் நான் ‘ஓர் உறுப்பினர்’. இரண்டே சொல்! இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீட்டு எழுதிய துணிச்சல் அவளுடையது. டிராயரைப் பூட்டிய புத்தி டீச்சருடையது. அதில் பங்கு கேட்கவில்லை. ‘நான்தான்’ என்று கரையில் நின்று சொன்னவன் நான். அதற்கு ஒரு நல்ல டிரைவரை இழந்தவனும் நான். அடுத்த பதிப்பில் அதைத் தெளிவாகப் போட வேண்டும், என் முழுப் பெயரோடு. படத்துக்கு அலைய வேண்டாம். அந்தக் கல்யாணப் பத்திரிகைக்குக் கொடுத்தது அப்படியே ஃபோனில் இருக்கிறது. முடியும் கறுப்பாகத்தான் இருக்கிறது.