கொப்புளம் போடாத மூன்று மாதம்

அடுத்தவர் வலியைப் போக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், முதலில் அடுத்தவருக்குக் கொஞ்சம் வலி கொடுத்தே ஆக வேண்டும். பல் டாக்டர், ஊசி போடும் நர்ஸ், சவரக் கத்தி பிடிப்பவர் என்று பிறர் உடம்பில் கை வைத்துத் தொழில் பழகிய எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். நானும் இத்தனை வருஷம் சொல்லவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் உடற்பயிற்சிக் கல்லூரி மாணவன். விளையாட்டு வீரர்களுக்கு வரும் சுளுக்கு, பிடிப்பு, வீக்கம் இவற்றுக்குச் சூடு, ஐஸ், மின்சாரம் கொண்டு சிகிச்சை செய்வது எங்கள் படிப்பு. கடைசி மூன்று மாதம் செய்முறைப் பயிற்சிக்குக் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். என்னோடு வந்தவன் மஸ்தான். ஆற்காட்டுக்காரன், கல்லூரிக் கபடிக் குழுவின் தூண். அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த ஒரே விளையாட்டு வீரனும் அவன்தான். மற்றவர்களெல்லாம் தறியிலிருந்தும் சாயத் தொட்டியிலிருந்தும் எழுந்து வந்தவர்கள்.

சிகிச்சை அறைக்குப் பொறுப்பு கிரேஸ் மேடம். முதல் நாளே ஒரே ஒரு விதி சொன்னார்: "நீங்க வெச்ச சூட்டுல யார் உடம்புலயாவது ஒரு கொப்புளம் வந்துதுன்னா, அன்னிக்கே ரெக்கார்டு நோட்டை மூடிடுவேன். அப்புறம் அடுத்த வருஷம்தான்." எனக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. ஏற்கனவே ஒருமுறை தோற்றிருந்தேன். வாலாஜாபாத்தில் அப்பா எனக்காக அரிசி மில்லில் ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டு, நான் எப்போது மறுபடி தோற்பேன் என்று காத்திருந்தார். தினமும் காலை பஸ்ஸில் ஏறும்போது என் பிரார்த்தனை ஒன்றே ஒன்றுதான். இன்றைக்குக் கொப்புளம் வேண்டாம்.

முதல் நோயாளி

மின்சாரத்தை நோயாளிக்கு வைப்பதற்கு முன் நம் உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். மரப்பெட்டி மாதிரி ஒரு இயந்திரம். அதிலிருந்து இரண்டு ஒயர்கள், முனையில் உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுத் துணி. அதைத் தசையில் வைத்துக் குமிழை மெல்லத் திருப்பினால் தசை தானாகச் சுருங்கி விரியும். மெல்லத் திருப்பினால்.

மஸ்தான் தொடையைக் காட்டிக்கொண்டு ராஜா மாதிரி சாய்ந்திருந்தான். நான் குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் குறையும், எந்தப் பக்கம் கூடும் என்பதை மறந்துவிட்டேன். குறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே கூட்டினேன். அவன் கால் எகிறி உப்புத் தண்ணீர்ப் பேசினைத் தட்டிவிட்டது. பேசின் மேடத்தின் மேஜைக்குக் கீழே போய் நின்றது. மேடம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தார். கொப்புளம் இல்லை. மஸ்தான் தொடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "ஏழு பேர் சேர்ந்து புடிச்சப்பகூட நான் மூச்சை விட்டதில்ல மச்சான். உன் ரெண்டு விரலுக்கே சாவுறவன் மாதிரி கல்மா சொல்லிட்டேன்."

சாயக்காரர் கை

விரல் மூட்டு வலிக்கு மெழுகுத் தொட்டி. உருகிய மெழுகில் கையை முக்கி எடுத்தால் மேலே ஓர் உறை படியும், சூடு உள்ளே இறங்கும். முக்குவதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. ஒரு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீர், இன்னொன்றில் பச்சைத் தண்ணீர். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, இரண்டையும் மாற்றி மாற்றித் தோலில் வைத்து எது சூடு என்று கேட்க வேண்டும். சூடு தெரியாத தோலுக்குச் சூடு வைக்கக் கூடாது.

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பெரியவர் ஒருவர் வந்தார். வலது கை முழங்கை வரை அரக்கு, இடது கை கருநீலம். கொதிக்கிற தொட்டியில் கையை விட்டுப் பதம் பார்த்தே பழகியவர். இரண்டு குழாயையும் வைத்தேன். இரண்டும் பச்சைத் தண்ணீர் என்றார். சரி, என் சுடுதண்ணீர் ஆறிவிட்டது, மெழுகும் ஆறியிருக்கும் என்று முடிவு செய்து தொட்டியின் சூட்டை நன்றாகக் கூட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்த நேரத்தில் மேடம் வந்தார். என் கையைப் பிடித்துத் தொட்டிக்கு மேலே கொண்டுபோனார். ஆவி பட்டதுமே கையைப் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

மெழுகை நன்றாக ஆறவைத்து, வெதுவெதுப்பாக, மேடமே அவர் கையை முக்கினார். கையில் இருந்த சாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெள்ளை மெழுகெல்லாம் அரக்கு நிறமாகிவிட்டது. புது மெழுகு வரும்வரை அந்த அரக்கு மெழுகுதான் எல்லோருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பெரியவருக்கு மட்டும் திருப்தி இல்லை. "இதுக்கா இம்மாந்தூரம் நடந்து வந்தேன்? எங்க வீட்ல பாத்திரம் கழுவுற தண்ணியே இதைவிட தேவலை நாயனா."

அரை விரக்கடை நேரம்

ஏகாம்பரம் தறி நெய்பவர். நாளெல்லாம் தறிக்குழியில் கால் தொங்க உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கை இடுப்புக்கு நேராக வைத்துக் கால் மணி நேரம் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். "கால் மணின்னா எங்க கணக்குல அரை விரக்கடை, அரை விரல் அகலம் துணி" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் வராந்தாவுக்கு வந்து மஸ்தானோடு பேச ஆரம்பித்தேன். ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். நேரம் நிறைய இருந்தது. கடைசியில் மஸ்தான்தான் கேட்டான், அந்தப் பெரிய முள் ஏன் நகரவே இல்லை என்று.

உள்ளே ஓடினேன். சாவி கொடுக்காத கடிகாரம் நின்றுபோயிருந்தது. விளக்கும் அணைந்திருந்தது. ஏகாம்பரம் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டையைத் தூக்கச் சொல்லி இடுப்பைப் பார்த்தேன். லேசான சிவப்பு, அவ்வளவுதான். அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல இருந்தது. அவர் சாவகாசமாகச் சொன்னார்: "படுத்துக்கினு இருந்தாலும் காலு மிதிக்கட்டைய மிதிச்சுக்கினேதான் இருக்குது. அரை விரக்கடை முடிஞ்சுது, முக்கால் விரக்கடையும் முடிஞ்சுது, நீ வரல. நானே பிளக்கைப் புடுங்கிட்டேன்பா."

தோளில் ஒரு கட்டி

வைகாசி உற்சவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வரதன் வந்தார். பெருமாள் கோயிலில் ஸ்ரீபாதம் தாங்கி. உற்சவத்தில் வாகனத்தோடு பெருமாளைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வருபவர்களில் ஒருவர். கழுத்து திருப்ப முடியவில்லை என்றார். மேடம் சிவப்பு விளக்கும் கழுத்துப் பயிற்சியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெண்கள் பகுதிக்குப் போய்விட்டார். வரதன் சட்டையைக் கழற்றினார். வலது தோளில் தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி ஒரு மேடு, அதன்மேல் செருப்புத் தோல்போலக் கெட்டியான கறுப்புத் தோல். அடடா, வலிக்குக் காரணம் இங்கே இருக்கிறது, மேடம் கவனிக்கவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை.

தினமும் விளக்கு வைத்த பிறகு, மேடம் எழுதாத ஒன்றையும் செய்தேன். அரக்கு மெழுகைப் பிரஷ்ஷால் அந்த மேட்டின்மேல் பூசி, தோல் ஊறியதும் உரித்து, எண்ணெய் தடவி, அம்மா குதிகால் தேய்க்கும் கல்லை வீட்டிலிருந்து எடுத்து வந்து தேய்த்தேன். வரதனுக்குத் தன் தோளைத் தானே பார்க்க முடியாது. சுகமாகத் தூங்கிவிடுவார். பத்து நாளில் கழுத்து நன்றாகத் திரும்பியது. அது விளக்காலும் பயிற்சியாலும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எல்லாப் புகழும் என் கல்லுக்கே என்று நினைத்தேன். கறுப்புத் தோல் போய் உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது. கிளம்பும்போது வரதன் தோளைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லேசா இருக்குது தம்பி. தோளே இல்லாத மாதிரி இருக்குது."

கொடியேற்றத்துக்கு மறுநாள்

கொடியேற்றத்தன்று முதல் புறப்பாடு. மறுநாள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே வரதன் வாசலில் நின்றிருந்தார். துண்டை விலக்கிக் காட்டினார். அந்த இளஞ்சிவப்புத் தோலின்மேல் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கொப்புளம்.

நான் விளக்குக்கும் மெழுகுக்கும் பயந்து பயந்து செத்தேன். கொப்புளம் வாகனத்தைத் தூக்கும் மரத் தண்டிலிருந்து வந்திருந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொறுமையாக விளக்கினார். அது கட்டி இல்லையாம், காய்ப்பாம். இருபது வருஷம் தண்டு அழுத்தி அழுத்தித் தோல் தானே கட்டிக்கொண்ட மெத்தை. அது இருந்தால்தான் வாகனத்தின் கனம் தெரியாது. நாளைக்குக் கருட சேவை. இன்று ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கும் போகாவிட்டால் முன் தண்டில் அவர் இடத்துக்குச் சித்தப்பா மகன் வந்துவிடுவான். அவனும் அதே உயரம். உயரம் பார்த்துத்தான் இடம். ஒருமுறை மாறினால் திரும்பக் கேட்க முடியாது. என் ரெக்கார்டு நோட்டு போனால் போகட்டும் என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. வரதன் துண்டைப் போட்டுக்கொண்டார். "வலிய எடுன்னுதானப்பா வந்தேன். நீ தோளையே எடுத்துட்டியே."

நடுவில் ஓட்டை

மேடம் அன்று செங்கல்பட்டுக்குப் போயிருந்தார். மஸ்தான் எங்கள் பாடப் புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினான். கால்பந்து வீரனின் குதிகாலில் கொப்புளம் வந்தால், கெட்டித் துணியை அடுக்கி, நடுவில் ஓட்டை போட்டு, கொப்புளம் ஓட்டைக்குள் இருக்கும்படி ஒட்ட வேண்டும். பாரம் சுற்றிலும் விழும், கொப்புளத்தின்மேல் விழாது. உளுந்து வடை மாதிரி தோள் அளவுக்கு ஒன்று செய்தோம். பெருமாள் காரியம் ஆயிற்றே என்று மேலே ஒரு பட்டுத் துண்டைச் சுற்றினேன். மஸ்தான் அதைத் தன் தோளில் வைத்துப் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினான். பெஞ்சு வழுக்கி என் கால்மேல் விழுந்தது. இடுப்புக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் தலையை மட்டும் தூக்கி, "பட்டு மேல கட்டை நிக்குமா? பருத்திய சுத்துங்கப்பா" என்றார். பட்டை அவிழ்த்துவிட்டு முரட்டுப் பருத்தித் துணியைச் சுற்றினோம். நின்றது.

கருட சேவை காலையில் வரதன் தோளில் அதை வைத்து, பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டுத் தெருவோரம் நின்றேன். கூட்டம் நெருக்கியது. குடை வந்தது, கருட வாகனம் வந்தது. வலப்பக்கம் முன் தண்டில் வரதன். பக்கத்தில் இருப்பவர்களோடு ஒரே அடியாகக் கால் வைத்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டு, நெற்றி சுருங்காமல் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மஸ்தான் என் காதில் சொன்னான்: "ஊரே மேல பார்த்துக் கும்புடுது. நீ மட்டும் ஏண்டா கீழ பார்த்துக் கும்புடுற?"

தண்டின் நிறம்

உற்சவம் முடிந்து வரதன் வந்தபோது மேடம் இருந்தார். தோளைக் காட்டச் சொன்னார். கொப்புளம் உடையாமல் வற்றிச் சுருங்கியிருந்தது. இது எப்படி வந்தது என்று மேடம் கேட்டார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரதன் முந்திக்கொண்டு, "தண்டு பட்டு வந்ததும்மா, வருஷா வருஷம் வர்றதுதான்" என்றார். மேடம் ஈரப் பஞ்சால் தோளைத் துடைத்து, பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோலின் மடிப்புகளில் இன்னும் அரக்குச் சாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. "தண்டுக்கு எப்ப அரக்குச் சாயம் போட்டாங்க?" என்று என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல் உள்பட.

மேடம் பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். அப்பாவின் அரிசி மில் தவிட்டு வாசனை எனக்கு மூக்கிலேயே அடித்தது. பிறகு ரெக்கார்டு நோட்டை இழுத்து, "நான் சொன்னது சூட்டுக் கொப்புளம். இதுல சூடு இல்ல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கல்லை மட்டும் வாங்கித் தன் டிராயரில் போட்டுப் பூட்டிக்கொண்டார். அம்மா அதை ஒரு மாதம் தேடினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். அத்தனை லேசாக என் உடம்பு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. வரதன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "காய்ப்பு பழையபடி வர ரெண்டு வருஷம் ஆகும் தம்பி. அதுவரைக்கும் நீ எந்த ஊர்ல இருந்தாலும் கருட சேவைக்கு வந்து வடை தட்டிட்டுப் போவணும்."

இரண்டு வருஷமும் தவறாமல் போய் வடை தட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீரர்களின் உடம்பில் கை வைத்திருந்தாலும், யார் உடம்பிலாவது காய்ப்பைக் கண்டால் மட்டும் இன்றுவரை கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.