பெயர் மாறாத படங்கள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யார் காலிலும் விழுந்து நம்பச் சொல்லப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் கணினி வேலை பார்த்தேன். எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் ‘ஸ்பேனர் அண்ணன்’ என்போம். எந்த லிஃப்டைப் பார்த்தாலும் போனில் படம் எடுப்பார். ‘ஏழாம் மாடி கயிறு பழுது’ என்கிற மாதிரி பெயர் வைத்து ஆபீஸின் இணையச் சேமிப்பான கிளவுடில் ஏற்றிவிடுவார். ஒருநாள் ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தது. உள்ளே அவர்தான் இருந்தார். போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு மதியம் மேனேஜர் போன் செய்தார்.

“அவரோட படத்தையெல்லாம் கிளவுட்லேருந்து இறக்கும்மா. இறக்கும்போதே ‘பழுது’ங்கிறதை ‘சரி’ன்னு மாத்திடு. எல்லாம் ரிப்பேர் பண்ணியாச்சு, பேரு மட்டும்தான் பழசு.”

ஆபீஸில் நான் மட்டும். நாலு வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு படமாக எடு, ‘பழுது’ இருந்தால் ‘சரி’ ஆக்கு, இங்கே வை. அவ்வளவுதான். ஓடவிட்டேன்.

ஒன்றுகூட மாறவில்லை. எல்லாமே ‘பழுது’.

ஸ்கிரிப்டில் பிழையா? வேறு சில படங்களில் ஓட்டிப் பார்த்தேன். சமர்த்தாக மாற்றியது. அண்ணன் படங்களை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். மறுபடியும் ‘பழுது’.

எனக்கு ரோஷம் வந்தது. ஒரு மெஷினிடம் தோற்பதா? கையாலேயே ஒரு பெயரைத் திருத்தினேன். ‘சரி’.

கண் முன்னாலேயே எழுத்துகள் அழிந்தன... ‘பழுது’.

டிங்!

வராந்தாவில் லிஃப்ட். விடுமுறை என்று வாட்ச்மேன் காலையிலேயே அதன் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்.

கதவு திறந்தது... கிரீஸ் வாடை...

நான் திரும்பவில்லை.

“யாரா இருந்தாலும் முன்னாடி வாங்க! முதுகுக்குப் பின்னாடி என்ன வேலை?”



திரையில் புதிதாக ஒரு படம் இறங்கியது. அண்ணன் போனிலிருந்து.

என் முதுகு. லிஃப்டுக்குள் இருந்து எடுத்தது.

பெயர்... ‘மாத்தாதே’.

ஓடவில்லை. அப்போதுதான் மற்ற படங்களைத் திறந்து பார்த்தேன். அவரைக் கொன்ற லிஃப்டின் கயிறு, இழை இழையாகப் பிய்ந்து தொங்கியது. அவர் சாவதற்கு முந்தின நாள் எடுத்த படம். அப்புறம் எங்கே ரிப்பேர்?

மேனேஜரைக் கூப்பிட்டேன்.

“மாத்த மாட்டேன் சார்.”

“வேலை வேணுமா, வேண்டாமா?”

“நீங்களே வெச்சுக்குங்க.”

படங்களை அப்படியே பிரதி எடுத்தேன். படிக்கட்டில் இறங்கி, நேராக அண்ணனின் மனைவியிடம் போய்க் கொடுத்தேன். விசாரணை நடந்தது. மேனேஜர் உள்ளே போனார்.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணியிடம் கேட்டேன்.

“அண்ணனோட போன் யார்கிட்ட இருக்கு அண்ணி? அந்த ஞாயித்துக்கிழமை யாரோ அதுலேருந்து ஒரு படம் அனுப்பினாங்க.”

அண்ணி என்னையே பார்த்தார்.

“விரலைப் பிரிக்கவே முடியலம்மா... போனோடதான் எரிச்சோம்.”