இன்னொரு ரவுண்டு

என் கணவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறியவர்கள் தூங்கிவிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு இருக்கும் ஒரே பெருமை அதுதான்.

ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். குன்றத்தூரில் எங்கள் தெருமுனையில் வண்டியை எடுத்து, வழியெல்லாம் நிற்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி கேட் வரைக்கும் போவார். தெற்கே எங்கிருந்தெல்லாமோ வந்து, ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள். ஓவர்டைம் பார்த்து, சமைத்து, துணி அலசி, அதற்குப் பிறகு கிடைக்கிற நேரத்தில் கண்ணை மூடுகிறவர்கள். "வண்டில உக்காந்தவன் கொட்டாவி வுட்டா பாஸ் மார்க். குறட்டை வுட்டா ஃபர்ஸ்ட் கிளாஸ். டிரைவருக்கு அதான் பரீட்சை" என்பார். நான் கணக்கு டீச்சர். எனக்கே மார்க் போடச் சொல்லித்தருவார்.

சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் கேட்டில் நிறுத்தமாட்டார். கம்பெனி மதிலை ஒட்டிப் போகும் ரோட்டில் உருட்டிக்கொண்டே இன்னொரு ரவுண்டு போய் வருவார். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமாம். "யார் அப்பன் வீட்டு டீசல்னு இப்படி ஊர்வலம் போறீங்க?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "சூப்பர்வைசர் கேட்டா டிராபிக்னு சொல்லிக்கலாம், வுடு டீச்சரம்மா." விடியாத அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஒரு நாய்கூட இருக்காது.

இப்படி ஒரு பஸ் ஜனத்தையே தூங்கவைத்த மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. வலது தோள்பட்டை இறுகிக்கொண்டது. சட்டைக்குள் கையை நுழைக்க முடியவில்லை, தலை சீவ முடியவில்லை. தானாக இளகும்வரை ஸ்டியரிங்கையே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவரில் விரல்களை எறும்பு போல ஏற்றி ஏற்றிப் பழகச் சொன்னார். காலண்டருக்குப் பக்கத்தில் விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். மறுநாள் பார்த்தால் கை அந்தக் கோட்டுக்கும் கீழேயே நிற்கும்.

வலியை அவர் தாங்கிக்கொண்டார். தூக்கம் இல்லாததைத்தான் தாங்க முடியவில்லை. எந்தப் பக்கம் படுத்தாலும் தோள் இழுக்கும். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே இருப்பார். விடியற்காலையில் தெருமுனைக்குப் போய் நின்று, அவருடைய பஸ்ஸை வேறொருவர் ஓட்டிப் போவதைப் பார்த்துவிட்டு வருவார். "ஒருத்தன் தூங்கல. எல்லாம் போனை நோண்டிகினு கீறானுங்க" என்பார். அதில் ஒரு திருப்தி தெரியும். பிறகு முகம் தொங்கிவிடும். நன்றாகச் சிரித்துப் பேசுகிற ஆள், பார்க்கப் பார்க்க வாடிப்போனார். எனக்குப் பயமாக இருந்தது.

அவருக்கு மலையில் வண்டி ஓட்ட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் குன்றத்தூர் முருகன் கோவில், அதை விட்டால் மேம்பாலம். ஜவ்வாது மலைக்குக் காரில் போகலாம் என்று லீவு சொல்லி வைத்திருந்த சமயத்தில்தான் தோள் இறுகிக்கொண்டது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. யாருக்கும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸை வாங்கி, அவர் முன்னால் வைத்தேன்.

"நான் ஓட்றேன். போலாம்."

லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோல நல்லாகீற" என்றார். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ஜமுனாமரத்தூர் லாட்ஜில் அறை சொல்லிவிட்டேன்.

கிளம்பிய அன்று காலையில் மகள் பின்சீட்டில் தலையணையோடு ஏறினாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். எங்கள் சண்டைகளுக்கு அம்பயர். இவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியை நல்ல கையால் பிடித்தார். வாலாஜாபாத் வரைக்கும் அந்தப் பிடி தளரவில்லை. காலுக்கடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"கியர் மாத்து. கியர், கியர்."

"தெரியுது."

"கிளட்ச்சு மேலயே காலை வெச்சிகினு இருக்காத. தோ, முன்னாடி ஆட்டோ நிக்குது பார்."

"அந்த ஆட்டோ எதிர்த் தெருவுல நிக்குது!"

காஞ்சிபுரம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற குரலில் சொன்னேன். "இனிமே வாயைத் திறந்தா இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். பஸ் புடிச்சு வூடு போய்ச் சேருங்க." அந்த ‘வூடு’ அவருடைய பாஷை, கோபம் வந்தால் எனக்கும் ஒட்டிக்கொள்ளும். பின்சீட்டில் மகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். இவர் வாயை மூடிக்கொண்டார். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

ஆரணியில் இட்லி, போளூரில் டீ. அதற்குப் பிறகு ரோடு நிமிர ஆரம்பித்தது. என் வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது கியர்தான். பைக்குகள் போயின, தக்காளி ஏற்றிய வேன் போனது, தலையில் விறகுக் கட்டோடு நடந்த ஒரு அம்மாள் எங்களை முந்திவிடுவாரோ என்றுகூட எனக்குக் கவலை வந்தது. ஆனால் அந்த வேகத்தில் போனதால்தான் மலையைப் பார்த்தோம். மழை விட்டுச் சில நாள் ஆகியிருந்தது. பாறை இடுக்குகளிலிருந்து தண்ணீர் கசிந்து ரோட்டை நனைத்துக்கொண்டிருந்தது. மூங்கில் புதர்கள் இரண்டு பக்கமும் வளைந்து கிடந்தன. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, வீடு இல்லை, கம்பம் இல்லை, மனுஷர் கை பட்ட அடையாளமே இல்லை. ஒரு வளைவில் காட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு ரோட்டைக் கடந்தது. நான் நிறுத்தினேன். கோழி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன் பாட்டுக்குப் போனது. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினோம். ஈர மண்ணும் ஏதோ இலையும் கலந்த வாசனை உள்ளே வந்தது. கம்பெனிப் பெயின்ட் வாசனையும் டீசல் புகையும் பழகின மூக்குக்கு அது எவ்வளவு வந்தாலும் போதவில்லை.

"இவ்ளோ மெதுவா போனா நாளைக்குதான் போய்ச் சேருவோம்" என்றாள் மகள்.

"போவட்டும். இன்னா அவசரம்?" என்றார் இவர். அன்றைக்கு எனக்கு ஆதரவாக அவர் பேசிய முதல் வார்த்தை அது.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் என் சாயம் வெளுத்தது. பாதி திரும்பும்போது வண்டி உதறி நின்றது. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது. அதற்குள் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. பின்னால் பார்த்தால் கண்ணாடி முழுக்க ஒரு அரசு பஸ். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் ஒரு நாளும் கலங்காதவள் நான்.

"ஹேண்ட் பிரேக்கை இழு. ம். அவ்ளோதான்" என்றார் இவர். இறங்கினார். இடது கையாலேயே ஒரு கல்லை உருட்டி வந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார். நேராக பஸ் டிரைவரிடம் போனார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு மானம் போனது. பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று இரண்டு பேரும் சிரிக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன். கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு காதில் விழுந்தது.

"கொஞ்சம் வெயிட் பண்ணு தலைவா. நம்ம டிரைவர் மலைக்குப் புதுசு. எடுத்துடுவாங்க."

நம்ம டிரைவர். எடுத்துடுவாங்க. எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை ‘வாங்க, போங்க’ என்று சொன்னதே இல்லை. எனக்கு அழுகை இன்னும் கூடியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் முன்னால் வந்து நின்று, தூக்க முடியாத கையைத் தொங்கவிட்டபடி மற்ற கையை ஆட்டினார். "ஒடி, ஒடி, நல்லா ஒடி... வா... வந்துகினே இரு... ரைட்டு, போ!" வண்டி திணறி, முனகி, வளைவைத் தாண்டியது. பஸ்ஸுக்கு வழி விட்டேன். அந்த டிரைவர் போகும்போது எனக்கு ஒரு ஹாரன் அடித்தார். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

இவர் வந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டினார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. அடுத்த வளைவில் ஓரக்கண்ணால் அவர் காலைப் பார்த்தேன். சும்மா இருந்தது.

மேலே போகப் போக ரோடு சமமானது. சாமை அறுத்த வயல்களும், தனித்தனியாக நிற்கும் பலா மரங்களும், மேகம் இறங்கிக் கிடக்கும் மேடுகளும் வந்தன. "அங்க பாருங்க, மேகம் கைக்கு எட்டுற மாதிரி" என்றேன். பதில் இல்லை. ஏதாவது தப்பு பண்ணிவிட்டேனா என்று திரும்பினேன். அவர் ஒரு பெரிய கொட்டாவி விட்டார்.

பாஸ் மார்க்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பள்ளங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து ஓட்டினேன். முட்டை மேல் போவது போலப் போனேன். கொஞ்ச தூரத்தில் அவர் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது. வலிக்கிற தோள் தளர்ந்து, கை மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. எத்தனையோ மாதமாக எங்கள் வீட்டில் கேட்காத சத்தம், ஒரு காலத்தில் நான் தலையணையால் காதை மூடிக்கொண்ட அதே குறட்டை. உலகத்திலேயே எனக்குப் பிடித்த சத்தம் அதுதான் என்று அப்போது தெரிந்தது.

ஜமுனாமரத்தூர் வந்தது. லாட்ஜ் போர்டு தெரிந்தது. பிரேக்கில் காலை வைத்தேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு. காலை எடுத்துவிட்டேன். லாட்ஜ் வாசலில் எங்களுக்காகக் கை காட்டிய பையனுக்கு நானும் கை காட்டிவிட்டு, ஆலங்காயம் போகும் ரோட்டில் உருட்டிக்கொண்டே போனேன்.

மகள் முழித்துக்கொண்டாள். "அம்மா, லாட்ஜ் போயிடுச்சே."

"உஷ்."

எட்டிப் பார்த்து, அப்பாவைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்ப வேண்டும். எங்கள் காரை ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும்; பழைய ஓனரின் ரசனை. அதனால் ரிவர்ஸ் போடாமல் ஒரே வளைப்பில் திருப்புகிற மாதிரி அகலமான இடம் தேடி, காட்டுக்குள் வெகுதூரம் போய்த் திரும்பினேன். மறுபடி லாட்ஜ் போர்டு வந்தது. குறட்டை நிற்கவில்லை. மறுபடியும் தாண்டினேன். வாசல் பையன் இந்தத் தடவை கை காட்டவில்லை, வெறுமனே பார்த்தான். எங்களுக்கு முன்னால் ரோட்டில் ஒரே ஒரு மாடு போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பின்னாலேயே அதன் வேகத்தில் போனேன்.

மகள் என் காதருகே குனிந்தாள். "அப்பா எழுந்து, ஏன் இவ்ளோ நேரம்னு கேட்டா என்னம்மா சொல்றது?"

"டிராபிக்னு சொல்லு" என்றேன்.