சுவரில் பதினொரு கோடு

நான் படிக்காத எழுத்தே இல்லை. சும்மா சொன்னேன், இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்.

எழுபதுகளில் நல்லேப்பிள்ளியில் நெல் கிடங்கு கட்டினார்கள். பெரிய காண்ட்ராக்டரிடம் சென்டரிங் வேலையை, கான்கிரீட் இறுகும்வரை தாங்கப் பலகையும் முட்டும் கட்டுவதை மட்டும் நான் எடுத்திருந்தேன். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டதும் அவர் சுவரில் கரியால் ஏதோ எழுதி, "பாத்துக்கிட்டியாப்பா?" என்றார்.

"பாத்துட்டனுங்க." பார்த்தது உண்மைதான்.

பத்தாம் நாள், அடுத்த வேலைக்குப் பலகை வேண்டுமென்று முட்டுகளைக் கழற்றினேன். மூன்றாவது முட்டு சாய்ந்ததும் தலைக்கு மேலே 'டப்'பென்று விரிசல் விட்டது. அடியில் என் ஆட்கள் ஐந்து பேர். ஓடிப்போய்ச் சாய்ந்த முட்டுக்குத் தோள் கொடுத்தேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த காண்ட்ராக்டர் அவர்களை வெளியே துரத்திவிட்டு, உள்ளே வந்து என்னோடு சேர்ந்து முட்டுகளைத் தூக்கி நிறுத்தினார்.

"இருபத்தொரு நாளு முட்டக் கழட்டக்கூடாதுன்னு எழுதியிருக்கறனே, படிக்கலியா?"

"படிக்கத் தெரியாதுங்க." அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் எழுத்தை அழித்துவிட்டு, மீதி நாளுக்குப் பதினொரு கோடு போட்டார். "தெனமும் ஒண்ணு அழி." எனக்கு எழுத்து தெரியாது என்று ஆட்களிடம் கடைசிவரை மூச்சுவிடவில்லை. அந்த மனுசன் அப்புறம்...

"ஏனுங்க, முட்டப் பிரிச்சரலாமுங்களா?" இப்போது நான் எடுத்திருக்கும் வேலையிலிருந்து மேஸ்திரி கூப்பிடுகிறார்.

பேனாவ மூடி வை கண்ணு. நான் போய்ச் செவுத்துல மிச்சமிருக்கற கோட்ட எண்ணோணும்.