பக்கத்து இருக்கையில் ஒரு சிரிப்பு

நம்புகிறவர்கள் நம்பலாம். அனுஷா இன்றும் ஆரணியில்தான் இருக்கிறாள். நேரில் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். நடந்தது போன மே மாதம். நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், காலை 11.30 காட்சியில்.

அனுஷா யூடியூபில் சினிமா விமர்சனம் செய்பவள். கணவன் பிரவீண் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுபவன். அவள் வீடியோக்களை வெட்டி ஒட்டுவதும் அவன்தான். கோடை விடுமுறை வந்தால் புதுப் படங்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த வாரம் மூன்று. ஒரு காமெடி, ஒரு ஆக்‌ஷன், ஒரு பேய்ப்படம்.

வெள்ளிக்கிழமை காமெடிப் படத்துக்குத் தனியாகப் போனாள். முதல் காட்சி. கூட்டமில்லை, அவள் வரிசையில் அவளைத் தவிர ஆளே இல்லை. துப்பட்டாவில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு, தோன்றுவதை அப்போதே முணுமுணுத்துப் பதிவு செய்வது அவள் வழக்கம். "ஹீரோ நல்லா பண்றாரு. காமெடிதான் எடுபடல. சிரிப்பே வரல" என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் அந்தக் குரலையும் சேர்த்து வீடியோ வெளியானது. முதல் கமெண்ட் இதுதான்: "சிரிப்பே வரலன்றீங்க... பக்கத்துல ஒருத்தர் விழுந்து விழுந்து சிரிக்கிறாரே?"

போட்டுக் கேட்டாள். இருந்தது. ஆண் குரல். மைக்குக்கு மிக அருகில். சிரித்து முடிக்கையில் மூச்சை உள்ளே இழுத்து, விக்கல் மாதிரி ஒரு சத்தம்.

வழக்கமாக மூவாயிரம் பேர் பார்ப்பார்கள். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம். அனுஷாவின் சந்தேகம் நேராகப் பிரவீண் மேல் விழுந்தது.

"வியூஸுக்காக நீங்கதான இத ஒட்டினீங்க?"

"இன்னா அனு, நான் ஏன் ஒட்டப் போறேன்? பக்கத்துல எவனோ சிரிச்சிகினு இருந்தான்னு நெனச்சேன்."

"பக்கத்துல யாருமே இல்லீங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

 அவள் செல்போனில் இருந்த முழுப் பதிவைக் கேட்டாள். அதிலும் அதே சிரிப்பு. ஆனால் போனும் ஒருநாள் முழுக்க அவன் கையில்தானே இருந்தது?

அடுத்த இரண்டு படங்களையும் பார்த்தாள். ஆக்‌ஷன் படத்தில் சண்டை பிரமாதம், கதை இல்லை. பேய்ப்படத்தில் பேயைவிட இசைதான் பயமுறுத்தியது. அந்தப் பதிவுகளில் எந்தச் சிரிப்பும் இல்லை. மாட்டிக்கொண்டதும் நிறுத்திவிட்டான் என்றே நினைத்தாள். வீட்டில் பேச்சு நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை. அவனிடம் சொல்லாமல் மறுபடி காமெடிப் படத்துக்குப் போனாள். அதே காட்சி, அதே இருக்கை. இந்த முறை மைக்கில் விழுவது உடனே கேட்கும்படி காதில் இயர்போன்.

11.47. காமெடியன் டீக்கடைக்குள் நுழைந்தார். இன்னும் வாயைத் திறக்கவில்லை.

காதில் சிரிப்பு.

மூன்று நொடி கழித்துத்தான் வசனமே வந்தது.

இயர்போனைக் கழற்றினாள். ஒன்றும் இல்லை. மாட்டினாள்... சிரிப்பு.

12.05. மறுபடி. வசனத்துக்கு முன்பே.

மெல்லத் திரும்பினாள்.

வரிசை முழுக்க இருக்கைகள் மடிந்தே இருந்தன. இடது பக்கத்து இருக்கை மட்டும்... விரிந்து கிடந்தது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே, அப்படி அமுங்கி.

12.09. சிரிப்பு நின்றது.

மூச்சு கேட்டது.

அவள் பக்கம் திரும்பி விடுகிற மூச்சு...

செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

வெறுங்காலோடு வந்தவளைப் பிரவீண் உட்காரவைத்தான். தண்ணீர் கொடுத்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "உங்கள சந்தேகப்பட்டேன்" என்று அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். 

வியாழக்கிழமை மதியம் 3.10. வாசலில் ஒரு பெண். பேர் ராதிகா, போளூரிலிருந்து பஸ் ஏறி, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் செல்போன். கண்ணில் கோபம்.

"வீடியோல சிரிக்கிறது என் வூட்டுக்காரர் சந்தோஷ். உங்களுக்கு அவர எப்படித் தெரியும்? எப்ப எடுத்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

"போன வெள்ளிக்கிழமைங்க. தியேட்டர்ல."

ராதிகா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முழுப் பதிவையும் கேட்டாள். இரண்டே கால் மணி நேரம், காதில் இயர்போனோடு, அசையாமல். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

5.40. இயர்போனைக் கழற்றினாள். 

"எல்லா ஜோக்குக்கும் சிரிக்கல. இந்தப் படத்துக்கு அவரு எழுதிக் குடுத்த ஜோக்குக்கு மட்டும்தான் சிரிக்கிறாரு. படத்துல அவரு பேரே போடல. எழுதினத எல்லாம் எனக்குத்தான் மொதல்ல படிச்சிக் காட்டுவாரு. படிக்கிறதுக்கு மின்னாடியே அவரே சிரிச்சிடுவாரு..."

"இப்ப அவரு எங்க இருக்காருங்க?" பிரவீண்தான் கேட்டான்.

"லாரி மோதிப் பூட்டாரு. போன வருசம் தை மாசம்."

ராதிகா செல்போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இந்தப் படத்துக்குப் பூஜை போட்டதே அதுக்கப்புறம் பங்குனியிலதாங்க."