உகாண்டா மேளம்

எங்கள் வேதக்கோயில் உத்திரத்தில் ஒரு மேளம் தொங்குகிறது. மரத்தைக் குடைந்து, மாட்டுத்தோல் போர்த்தி, தோல்வாரால் இழுத்துக் கட்டியது. தோலின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு அரிவாள் வெட்டு. எங்கள் சபையை நடத்திய உபதேசியார் உகாண்டாவிலிருந்து கொண்டுவந்தது அது.

அவர் தென்காசிக்காரர். வாலிபத்தில் மிஷன் ஆஸ்பத்திரி வேலைக்குக் கப்பலேறிப் போய், அங்கே சபை கட்ட இறங்கியவர். மரத்தடியில் நின்று மேளம் அடிப்பாராம். வாழைத்தோட்டங்களுக்குள்ளிருந்து ஜனங்கள் வருவார்களாம். ஆள் சேர்ந்ததும் கூரை போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பாராம். காய்ச்சல் அவரைத் திருப்பி அனுப்பியது. இலஞ்சிக்குப் பக்கத்துச் சேரியில் புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்களிடம் அவரை அனுப்பினார்கள். அங்கே பள்ளிக்கூட வாத்தியார் நான். இருபது வயது. ஆப்பிரிக்கா என்று அவர் வாயைத் திறந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது.

முதல் ஞாயிறு கோயில் வாசலில் நின்று மேளத்தை அடித்தார். ஒரு குஞ்சுகூட வரவில்லை. வெகுநேரம் கழித்து ஒருத்தி வந்தாள். தலைமுறையாகப் பறையடித்த வீட்டுப் பெண். எங்கள் சபையில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவள்.

"யாருய்யா செத்தது?" என்றாள்.

"ஜெபத்துக்குல்லா கூப்பிடுதேன்."

"இந்தச் சாவுக்கொட்டை விடணும்னுதான் வேதத்துல சேந்தோம். நீரு அதைக் கப்பல்ல வச்சுக் கொண்டாந்திருக்கீரே."

அவர் முகம் செத்துப்போயிற்று. உகாண்டாவில் மேளம் ராஜாவின் வாசலில் முழங்குவது. இங்கே அது பண்ணைவீட்டுப் பிணத்துக்கு முன்னால் குனிந்து போவது. அங்கே இருந்த இருப்பில் இவருக்கு அது மறந்தே போயிருந்தது. அன்றே மேளத்தை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதன்பிறகு தண்டவாளத் துண்டைத் தட்டித்தான் ஜெபத்துக்கு அழைத்தார். தூர எறிய மட்டும் மனம் வரவில்லை.

ஆடிச் சாரலில் பண்ணையாரின் தாயார் இறந்தாள். கொட்டுக்கு ஆள் கேட்டு வந்தார்கள். சேரிக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். கம்பு பேசியது. மண்டை உடைந்தவர்கள் கோயிலுக்குள் ஓடிவர, பண்ணையாரின் மருமகன் ஆட்களோடு பின்னாலேயே நுழைந்தான். நான் படித்தவன் அல்லவா, சட்டம் பேசினேன். பேசி முடிக்குமுன் காதோடு அறை விழுந்தது. அந்தக் காது இன்றும் பாதிதான் கேட்கிறது.

மருமகன் அண்ணாந்து பார்த்தான். "ஏலே, உங்க சாமிக்கு ஒரு கொட்டு, எங்க ஆச்சிக்குக் கிடையாதோ?"

"அது என் மேளம். இவங்களுது இல்ல," என்றார் உபதேசியார்.

"அப்ப நீரே வந்து அடியும்வே. இவனுகளை விட்டுடுதோம்."

தரையில் ரத்தத்தோடு கிடந்தவர்களை அவர் பார்த்தார். பிறகு மேளத்தை அவிழ்த்துத் தோளில் போட்டார். போயிருப்பார். போயிருந்தால் அது மறுபடியும் கொட்டடிக்கிற சேரிதான். ஒரு சாவு விடாமல் பண்ணையாட்கள் வந்து நிற்பார்கள். கூட்டத்தில் நின்ற அந்தப் பறையடித்த வீட்டுப் பெண் இடுப்பிலிருந்த அரிவாளை உருவி, அவர் தோளில் கிடந்த மேளத்தின் தோலை ஒரே வீச்சில் கிழித்தாள்.

"இப்ப அடியுங்க," என்றாள்.

தலைமுடியைப் பிடித்து அவளை வெளியே இழுத்தார்கள். வயிற்றில் மிதித்தார்கள். உபதேசியார் அவள்மேல் விழுந்து மறைத்தார். அவரைப் புரட்டி, வலது கையை வாசல்கல்லில் வைத்து உலக்கையால் இடித்தார்கள். பச்சைக் கொம்பு முறிகிற சத்தம். கூரைக்குத் தீ வைத்துப் பார்த்தார்கள். நனைந்த ஓலை பிடிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் தூண்களை வெட்டிச் சரித்தார்கள். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வண்டியில் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அன்று பிணம் கொட்டில்லாமல்தான் போயிற்று.

உபதேசியார் இருந்தவரை இடது கையால்தான் தண்டவாளத்தைத் தட்டினார். இப்போது அவர் இல்லை. கோயிலை மறுபடி கட்டி, ஓடு போட்டு, கிழிந்த மேளத்தை உத்திரத்தில் பழையபடி தொங்கவிட்டிருக்கிறோம். மேளத்துக்குப் புதுத் தோல் போடலாமே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அத்தோடு விட்டுவிட்டேன்.

போன மாதம் பண்ணைவீட்டில் மறுபடியும் ஒரு சாவு. அதே மருமகன், நரைத்த மீசையோடு, வண்டியைச் சாலையில் நிறுத்தி இறங்கினார். அவள் கோயில் முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொட்டுக்கு ஆள் வருமா?"

"மேளம் கிழிஞ்சுல்லா கெடக்கு, அண்ணாச்சி."

எசமான் என்பதைத் தவிர வேறு சொல்லால் அந்த வீட்டு மனிதர்களை அவள் அழைத்து அதுவரை நான் கேட்டதில்லை. அவர் சாலையிலிருந்தபடியே குனிந்து, கோயில் வாசல் வழியாக மேளத்தைப் பார்த்தார். பிறகு கொட்டுக்கு வேறு ஆள் தேடி வண்டியை அச்சன்புதூர்ப் பக்கம் திருப்பச் சொன்னார்.